பதினேழு வயதுக்கு மேற்பட்டோர்

செப்ரெம்பர் 3, புதன்

இந்த டயரி போன வருடத்தது. காப்புறுதி விற்கிற ஒருவர் சும்மா தந்தது. அச்சடித்த கிழமை ஒரு நாள் பின்னால் நிற்கிறது. வெட்டித் திருத்தி எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது மகள் நிரூபா. இப்போது இருக்கிற வாடகை வீட்டை வீட்டுக்காரர் விற்கப்போகிறார். வருடம் முடிய முன்னர் காலிபண்ணிக்கொண்டு எழும்ப வேண்டும். ஹரோ என்கிற இடத்தில் ஒரு வீடு பார்த்து விலை பேசியாயிற்று. இனி எழுத்து வேலை பார்க்க ஒரு சட்டத்தரணி, இங்கே சொலிசிட்டர் என்பார்கள், பிடிக்க வேண்டும்.

"அப்பா, நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவம். நீங்கள் வீட்டிலதானே. சொலிசிட்டரோட கதைக்கிறதை நீங்கள் பாருங்கோ. ஆர் எடுத்தது, என்ன சொன்னது எண்டு எல்லாத்தையும் எழுதி வையுங்கோ" என்றாள்.

நான் யாழ்ப்பாணம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன். இங்கே வந்தபின் பெற்றோல் செட்டில் கல்லாவில் நின்றவன். ஆட்கள் பிந்தி வருவதை எழுதி வைப்பது எனக்குப் பழகிய தொழில்தான்.

செப்ரெம்பர் 5, வெள்ளி

சொலிசிட்டர் தெரிவு பற்றி இரவுச் சாப்பாட்டில் பேச்சு.

நிரூபா விரும்புவது வீட்டுத் தரகர் சொன்ன கம்பனி. அவர்களிடம் போனால் தரகருக்கும் ஒரு பங்கு போகுமாம். "அதில களவு ஒண்டும் இல்லை மாமா, பேப்பரில போட்டிருக்கினம்" என்றார் மருமகன் கேதீஸ். களவை எழுத்தில் போட்டால் களவில்லை என்பது இந்த நாட்டு வழக்கம்.

கேதீஸ் விரும்புவது இன்ரநெற்றில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கம்பனி. அவர் செருப்பு வாங்கினாலும் நட்சத்திரம் பார்த்துத்தான் வாங்குவார். போன மாதம் வாங்கியது கடிக்கிறது.

நான் சொன்னது பரராஜசிங்கத்தை. சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். தொண்ணூற்றொன்றில் என் அகதி வழக்கைப் பார்த்தவர்.

"அவர் அகதி வழக்குச் செய்யிறவர் அப்பா. வீடு வேற" என்றாள் நிரூபா.

"என்னை ஒரு நாட்டுக்குள்ள கொண்டந்து விட்டவருக்கு ஒரு வீட்டுக்குள்ள விட ஏலாதே?"

கேதீஸ் சிரித்தார். நிரூபா சிரிக்கவில்லை. பரராஜசிங்கம் இல்லை என்று முடிவாகியது.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முன்னர், பின்னேரம் ஐந்து மணி அடிக்கப்போகிற நேரத்தில், நிரூபா எழுதி வைத்த பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போன் எடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸை ஓட்ட எவன் நிற்கிறான் என்று பார்த்தால் டிப்போவின் சங்கதி தெரிந்துவிடும். தரகருடைய கம்பனி எடுக்கவில்லை. நட்சத்திரக் கம்பனியில் ஒரு இயந்திரம் என் அழைப்பு முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. நிரூபா பட்டியலின் அடியில் எழுதியிருந்த ஹெலன் மார்ஷ் என்ற பெண் மட்டும் தானே எடுத்தார். வாய்க்குள் ஏதோ இருந்தது. "மன்னியுங்கள், பிஸ்கட்" என்றார்.

செப்ரெம்பர் 8, திங்கள்

ஹெலன் மார்ஷ்.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

வீட்டுக்குப் பாங்க் கடன் போக, கையில் இருந்து போடுகிற முதல் காசில் பெரும்பகுதி நான் கொடுப்பது. ஆகவே ஹெலனுக்கு என்னையும் விசாரிக்க வேண்டுமாம். பாஸ்போட், பாங்க் கணக்கு எல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். காசு எங்கிருந்து வந்தது என்றார். கொக்குவில் வீடு விற்ற காசு என்றேன். அது என் மனிசி பரமேஸின் சீதன வீடு. அவள் சாவதற்கு முந்திய வருடம் தானே கையெழுத்து வைத்து விற்றாள். காசு எங்கள் இருவர் பெயரிலும் கிடந்தது, இப்போது என் பெயரில் கிடக்கிறது.

அந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். ஹெலன் ஒவ்வொரு வரியாக வாசித்தார். "கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்" என்ற இடத்தில் நின்றார். கிணற்றில் எப்படிப் பங்கு, மிச்சப் பங்கு யாருடையது என்றார். பக்கத்து வளவு ஐயாத்துரையுடையது, அவருக்கும் எங்களுக்கும் வருடக்கணக்காகப் பேச்சு இல்லை, ஆனால் தண்ணீர் அள்ள ஒருநாளும் தடை இருந்ததில்லை, ஏனென்றால் உறுதியில் இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். நல்ல பெண்.

அன்பளிப்புக் கடிதம் ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவைப்பாராம், கையெழுத்து வைக்க.

செப்ரெம்பர் 20, சனி

வீட்டை இரண்டாம் முறை பார்க்கப் போனோம். மேலே இரண்டு பெரிய அறை. ஒன்று நிரூபாவுக்கும் கேதீசுக்கும். மற்றது பேத்தி ஆரணிக்கு. கீழே குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. தரகரின் படத்தில் அதற்கு 'ஸ்ரடி' என்று பெயர், படிக்கிற அறையாம். கேதீஸ் கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர். மேசை எந்தப் பக்கம் வரும் என்று அவரும் நிரூபாவும் பேசினார்கள்.

அவர்கள் மேலே போன நேரம் நான் அந்த அறையை அளந்தேன். அளவு நாடா தற்செயலாகப் பையில் இருந்தது.

செப்ரெம்பர் 24, புதன்

நிரூபா கணினியில் ஹெலனின் கேள்விப் படிவத்தை நிரப்பினாள். நீளமான படிவம். தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிறதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

செப்ரெம்பர் 29, திங்கள்

ஹெலன் போன் எடுத்தார். அந்தப் பகுதியில் தேவாலயத்தின் கூரை பழுதானால் காணிக்காரர் காசு கட்ட வேண்டும் என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறதாம். அதற்கு ஒரு சின்னக் காப்புறுதி எடுக்கலாமா என்றார். எடுங்கள் என்றேன். பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இதைவிடக் கூடக் கொடுத்திருக்கிறோம்.

ஒக்ரோபர் 2, வியாழன்

கவுன்சிலில் இருந்து என் பெயருக்குக் கடிதம். வயோதிபர் குடிமனைக்கு, அதாவது வயது போனவர்களுக்கு அவர்கள் கொடுக்கிற வீட்டுக்கு, நான் விண்ணப்பித்ததில் என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறியிருக்கிறதாம். விண்ணப்பத்தின் நகலும் வைத்திருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையதுதான். கோடையில் நிரூபா நிறையப் பேப்பர் நீட்டினாள். நானும் வைத்தேன்.

இது வீடு வாங்குகிற விஷயத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. இங்கே எழுதத் தேவையில்லை. கடிதத்தை அரிசி வாளிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஒக்ரோபர் 9, வியாழன்

ஹெலன் போன் எடுத்தார். அன்பளிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை என்றார். அலுமாரியில் இருக்கிறது, இன்றைக்கே போடுகிறேன் என்றேன். அதில் உள்ளதை ஒருதரம் வாயால் உறுதிப்படுத்துங்கள் என்றார். இந்தக் காசு உங்கள் மகளுக்கு முழு அன்பளிப்பா? ஆம். திருப்பிக் கேட்கமாட்டீர்களா? மாட்டேன். நிபந்தனை ஏதும் இல்லையா? ஒன்றும் இல்லை, வழக்கமான சீவிய உரித்து மட்டும்தான் என்றேன்.

மற்றப் பக்கம் சத்தம் இல்லை. இந்த முறை பிஸ்கட்டும் இல்லை.

அப்படியென்றால் என்ன என்றார். சொன்னேன். எங்கள் ஊரில் பெற்றோர் பிள்ளைக்கு வீடு எழுதினால் உறுதி எழுதுகிற நொத்தாரிசு கேட்காமலே ஒரு வரி சேர்ப்பார்: கொடுப்பவருடைய சீவிய உரித்து ஒதுக்கப்பட்டது. கொடுத்தவர் சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். அவருக்குப் பிறகு முழுவதும் பிள்ளைக்கு. இதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கறிக்கு உப்புப் போடச் சொல்லிக் கேட்பதில்லை, அதைப் போல.

பரமேஸின் சீதன உறுதியிலும் அந்த வரி இருந்தது. மாமனார் கடைசிவரை விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து, டிப்போ பஸ்கள் பிந்துவதற்கு என்னைக் குறை சொன்னார். எழும்பிப் போங்கோ என்று சொல்ல எனக்கு எத்தனையோ தரம் வாய் உன்னியது. சொல்லவில்லை. உறுதியில் இருந்தது. அதனால் நானும் சொல்லவில்லை, அவரும் பயப்படவில்லை.

ஹெலன் இதை மகளோடு பேசவேண்டியிருக்கும் என்றார். பேசுங்கள் என்றேன்.

ஒக்ரோபர் 10, வெள்ளி

நிரூபா வேலையில் இருந்து நேரத்தோடு வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை.

"அப்பா, ஹெலனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

"கேட்டதுக்குச் சொன்னனான்."

"கடன் தாற பாங்க் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுது. வீட்டில உங்களுக்கு உரித்து இருக்கு எண்டால் அவை கடன் தராயினம். விக்கிற ஆக்கள் வேற ஆளைப் பாக்கப்போறம் எண்டு சொல்லுகினம். ஏன் அப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எல்லா உறுதியிலும் எழுதுறதுதானே பிள்ளை."

"இஞ்ச எழுதுறேல்லை."

பிறகு குசினிக்குள் போனாள். புட்டு அவித்தாள். என் பங்கில் தேங்காய்ப்பூ வழக்கம்போலத் தாராளமாக இருந்தது. மனம் கொஞ்சம் ஆறியது.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

ஹெலனின் கடிதம் எனக்குத் தனியாகவும் அவர்களுக்குத் தனியாகவும் வந்தது. கேள்வி இரண்டு. நான் வீட்டில் உரித்துக் கோருகிறேனா? நான் அந்த வீட்டில் வசிக்கப்போகிறேனா? வசிப்பதானால் நான் கையெழுத்து வைக்க இன்னொரு பத்திரம் இருக்கிறது, அதற்கு முன் வேறொரு சட்டத்தரணியிடம் தனியாகப் புத்திமதி கேட்க வேண்டும். மகளோ மருமகனோ கூட இருக்கக்கூடாது. வசிக்காவிட்டால் எங்கே வசிப்பேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கேதீஸ் தொண்டையைச் செருமினார். "மாமா, அங்க இருக்கமாட்டன் எண்டு அந்த ஒரு வரியை எழுதித் தந்தால் இது சுகமா முடிஞ்சிடும். பேப்பருக்குத்தான். பிறகு நாங்கள் பாப்பம்."

நிரூபா குசினியில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே கழுவிய பானை.

யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன்.

ஒக்ரோபர் 20, திங்கள்

தீபாவளி. நிரூபா எனக்கு ஒரு சேட் வாங்கியிருந்தாள். அளவு சரி. கோயிலில் சனம். பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் வீடுவாசல் இல்லாமல் ஆற்றங்கரையில் இருந்தவர்தானே.

ஒக்ரோபர் 22, புதன்

பரராஜசிங்கத்திடம் போனேன். தலைமயிர் வெளுத்துவிட்டது. சேலைக்கடை இப்போது போன் கடை. மாடிப்படி மட்டும் அப்படியே இருக்கிறது.

"பஞ்சலிங்கம் அண்ணை, இருங்கோ. இண்டைக்கு நான் உங்கட லோயர். பிள்ளையின்ரை லோயர் இல்லை. அதை முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ" என்றார்.

ஹெலன் அனுப்பியிருந்த பேப்பர்களை எடுத்து வாசித்தார். நிரூபா நிரப்பிய படிவமும் அதற்குள் இருந்தது. ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாங்குவோரைத் தவிர, பதினேழு வயதுக்கு மேற்பட்டு இந்த வீட்டில் வசிக்கப்போவோர் பெயர்கள். பதில்: எவருமில்லை.

"அண்ணை, இது ஆர் நிரப்பினது?"

"கொம்பியூட்டரில நிரப்பினது."

அவர் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு லோயர் குரலில் தொடங்கினார்.

"என்ர புத்திமதி இதுதான். காசைக் குடுக்காதேங்கோ. இல்லாட்டி உங்கட பேரையும் சேர்த்து ஒரு பங்குக்கு எழுதச் சொல்லுங்கோ. ரெண்டும் இல்லாமல் குடுத்தால் நாளைக்கு ஒரு பிரச்சினையெண்டால் உங்களுக்குப் பிடிக்கக் கொப்பு இல்லை."

"பங்கு கேட்டால்?"

"திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணும். வீடு கைவிட்டுப் போகும்."

"அங்க இருக்கமாட்டன் எண்டு எழுதினால்?"

"வீடு கிடைக்கும். நீங்கள் இருக்கமாட்டியள்."

"மற்றப் பேப்பர்?"

"அது இன்னும் மோசம் அண்ணை. எனக்கு இந்த வீட்டில ஒரு உரித்தும் இல்லை, கடன் கட்டாமல் விட்டு பாங்க் எழும்பச் சொன்னால் எழும்பிப் போவன் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கிறது."

"அந்தப் பேப்பரை ஆர் ஆருக்குக் கையெழுத்து வைக்கக் குடுப்பினம்?"

"அந்த வீட்டில இருக்கிற ஆளுக்கு. இல்லாத ஆளிட்டை ஏன் கேக்கினம்?"

அவர் காசு வாங்க மறுத்தார். நான் விடவில்லை. லோயருக்குக் காசு கொடுக்காமல் கேட்ட புத்திமதி காதில் ஏறாது. பஸ் பிந்தி வந்தது. எழுதி வைக்கிறேன், பழக்கதோஷம்.

ஒக்ரோபர் 23, வியாழன்

ஆரணி படுத்தபிறகு நிரூபா குசினிக்குள் வந்தாள். அரிசி வாளியை நகர்த்தியிருக்கிறாள் போல. கவுன்சில் கடிதம் கையில் இருந்தது.

"இது வந்து மூண்டு கிழமை. ஏன் அப்பா சொல்லேல்லை?"

"சொலிசிட்டர் விஷயத்தை மட்டுந்தானே எழுதச் சொன்னனீ."

கதிரையை இழுத்து இருந்தாள்.

"அம்மா போனாப்பிறகு நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. நாங்கள் வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வாறம். அங்க உங்கட வயது ஆக்கள் இருப்பினம், கதைபேச்சுக்கு ஆள் இருக்கும் எண்டு நினைச்சன். உங்களைக் கலைக்கிறதுக்கு இல்லை அப்பா."

"எனக்கு என்ர வயதுக்காரரைப் பிடிக்காது. எல்லாரும் நோய் வருத்தத்தைப் பற்றித்தான் கதைப்பினம்."

"உங்களிட்டைக் கேட்டிருக்கவேணும். கேட்டால் ஓம் எண்டு சொல்லிடுவியளோ எண்டு பயமா இருந்தது. இல்லையெண்டு சொன்னாலும் பயம். அதுதான் படிவத்தில அப்பிடிப் போட்டனான்."

"அந்தக் கீழ் அறை—"

"அது உங்களுக்குச் சின்னன் அப்பா."

"கட்டில் போகும். அளந்தனான். யன்னல் பக்கம் தலை வைச்சால் அலுமாரிக்கும் இடம் இருக்கு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"பிள்ளை, எனக்குப் பங்கு வேண்டாம். சீவிய உரித்தும் வேண்டாம், அது வாயில வந்த பழக்கம். காசு உன்ர அம்மாவின்ரை, உனக்குத்தான். அந்தப் படிவத்தில ஆர் இருக்கப்போகினம் எண்டு கேட்ட இடத்தில என்ர பேரை எழுதிவிடு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"எழுதினால் அந்தப் பேப்பரில கையெழுத்து வைக்கவேணும் அப்பா. உரித்து இல்லை, எழும்பச் சொன்னால் எழும்புவன் எண்டு."

"தெரியும்."

அவள் எழும்பினாள். கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒக்ரோபர் 24, வெள்ளி

எவரும் போன் எடுக்கவில்லை. மா அரித்தேன்.

ஒக்ரோபர் 25, சனி

கேதீசும் நிரூபாவும் அறைக்குள் நெடுநேரம் கதைத்தார்கள். கதவு சாத்தியிருந்தது. நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன், ஒட்டுக்கேட்கிறேன் என்று நினைக்கக்கூடாது.

ஒக்ரோபர் 27, திங்கள்

நானே ஹெலனுக்கு எடுத்தேன். படிவம் திருத்தி வந்ததா என்று கேட்க நினைத்து, தேவாலயக் கூரைக் காப்புறுதி எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்டேன். எடுத்தாயிற்று என்றார். வேறு ஏதும் உண்டா என்றார். இல்லை என்றேன்.

ஒக்ரோபர் 29, புதன்

காலையில் கேதீஸ் அளவு நாடா கேட்டார். கொடுத்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடத்தில் ஒரு சின்ன மேசை கொள்ளுமா என்று தரகரின் படத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாடாவால் படத்தை அளக்க முடியாது. அதைச் சொல்லவில்லை.

ஒக்ரோபர் 31, வெள்ளி

ஐந்து மணி அளவில் ஹெலன் எடுத்தார். என் மகள் படிவத்தைத் திருத்தியனுப்பியிருக்கிறாள். பாங்க் ஒத்துக்கொண்டது. விற்பவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். பத்திரம் தபாலில் வருகிறது. அதில் உள்ளது எனக்குப் பாதகமானது என்று சொல்லவேண்டியது தன் கடமை என்றார். நன்றி என்றேன். உண்மையாகவே விளங்குகிறதா என்றார். மிகவும் நன்றி என்றேன்.

நவம்பர் 5, புதன்

பரராஜசிங்கத்தின் மேல்மாடிக் கந்தோரில் கையெழுத்து வைத்தேன். தீபாவளிச் சேட் போட்டுப் போனேன்.

அவர் ஒவ்வொரு பந்தியாகத் தமிழில் சொன்னார். "உங்களுக்கு இந்த வீட்டில ஒரு உரித்தும் இல்லை. விளங்குதோ?" விளங்குது. "பாங்க் கேட்டால் எழும்பவேணும். விளங்குதோ?" விளங்குது. "ஆரும் வெருட்டி வைக்கச் சொல்லேல்லையே?" இல்லை. "என்ர புத்திமதிக்கு மாறா வைக்கிறியள் எண்டு நான் எழுதி வைக்கப்போறன்." எழுதுங்கோ, நல்ல பழக்கம் என்றேன்.

முதல் பந்தியில் என் முழுப்பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த வீட்டின் இலக்கம், தெரு, தபால் குறியீடு. கீழே, 'மேற்படி வீட்டில் வசிப்பவர்' என்று இருந்தது. அந்த வரியை இரண்டாம் முறையும் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.

எனக்கு இதில் ஒரு நகல் வேணும் என்றேன்.

"எதுக்கு அண்ணை? இதால உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை."

"இருக்கட்டும்."

போட்டோக்கொப்பி எடுத்துத் தந்தார். மடிக்காமல் கொண்டுவந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

புது வீட்டுத் திறப்புக் கிடைத்தது, கதவைத் திறந்தோம். நிரூபா பால் காய்ச்சினாள். புகை வந்தால் அடிக்கிற மணி கத்தத் தொடங்கி, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கேதீஸ் என் கட்டிலைத் தனியாகத் தூக்கி வந்து யன்னல் பக்கம் தலைமாடு வைத்துப் போட்டார். கட்டில் போனது. அலுமாரி போகவில்லை. அது விறாந்தையில் நிற்கிறது.

நவம்பர் 24, திங்கள்

இனி எழுதத் தேவையில்லை, சொலிசிட்டர் வேலை முடிந்தது என்று நிரூபா சொல்லிவிட்டாள். ஒரு சின்ன அலுவல் மிச்சம் இருந்தது. இன்று முடித்தேன்.

கவுன்சிலுக்குப் போன் எடுத்து, வயோதிபர் குடிமனைப் பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை. காரணம் கேட்டாள். இருக்க இடம் இருக்கிறது என்றேன். முகவரி கேட்டாள். இலக்கம், தெரு, தபால் குறியீடு எல்லாம் ஆறுதலாகச் சொன்னேன். அங்கே நிரந்தரமாக வசிக்கிறீர்களா என்றாள். ஆம் என்றேன். அதற்கு எழுத்தில் அத்தாட்சி ஏதும் உண்டா என்றாள்.

இருக்கிறது என்றேன்.